நலிவுக் குறியீட்டை வைத்து அடுத்த ஆண்டு மருத்துவச் செலவைக் கணிப்பது எப்படி?

இருவருக்கும் வயது 78. இருவருக்கும் சர்க்கரை, பிரஷர். ஒருவர் தினமும் வாக்கிங் போகிறார். இன்னொருவர் நாற்காலியிலிருந்து எழவே ஆள் வேண்டும். வயதையும் நோய்ப்பட்டியலையும் மட்டும் பார்த்தால் இருவருக்கும் ஒரே செலவுதான் வரும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் நலிவு (frailty, முதுமையில் உடலின் தாங்குதிறன் குறைவது) அளவீடு.

தரவு: மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் நடத்திவரும் ஹெச்.ஆர்.எஸ் (Health and Retirement Study) ஆய்வில், 50 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களிடம் இரண்டு ஆண்டுக்கொருமுறை கேள்வி கேட்கிறார்கள். பதிவுசெய்தால் இலவசம். மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) பில்களோடு இணைத்த பகுதிக்கு மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

குறியீடு: 2001-இல் ஃபிரைட் குழு சொன்ன ஐந்து அடையாளங்கள் பிரபலம்: எடை இழப்பு, அசதி, கைப்பிடி வலு குறைவு, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு. மூன்று இருந்தால் நலிவு. ஆனால் செலவுக் கணிப்புக்கு ராக்வுட், மிட்னிட்ஸ்கி என்ற ஆய்வாளர்களின் வழியே என் தேர்வு: உடல்நலக் குறைகளை எண்ணுவது. கேள்வித்தாளே போதும், ஏற்ற இறக்கமும் நுணுக்கமாகத் தெரியும். குறைந்தது 30 குறைகளைப் பட்டியலிடுங்கள். ஒரு மாடி ஏற முடிகிறதா, தானே குளிக்க முடிகிறதா, மேசையில் கிடக்கும் சின்ன நாணயத்தை எடுக்க முடிகிறதா (இது உண்மையிலேயே ஹெச்.ஆர்.எஸ் கேள்விதான்). குறை இருந்தால் (முடியவில்லை என்றால்) 1, இல்லையென்றால் 0. கூட்டி, மொத்தக் கேள்விகளால் வகுங்கள். 40-இல் 10 என்றால் 0.25, பலரும் நலிவின் எல்லையாக வைப்பது இதைத்தான்.

காலம்: குறியீடு இந்த ஆண்டுடையது, செலவு அடுத்த ஆண்டுடையது. இரண்டையும் ஒரே ஆண்டில் எடுத்தால் அது கணிப்பே அல்ல. நடுவில் இறந்தவர்களை நீக்கிவிடாதீர்கள், கடைசி மாதங்களில்தான் செலவு எகிறும். மெடிகேர் அட்வான்டேஜில் (தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டம்) இருப்பவர்களைத் தனியே வையுங்கள். அவர்களுடைய பில்கள் முழுமையாக இருக்காது.

மாதிரி (மாடல்): சிலருக்குச் செலவே இருக்காது, சிலருக்கு லட்சம் டாலர். சாதாரண ரிக்ரெஷன் (காரணிகளை வைத்து ஓர் எண்ணைக் கணிக்கும் நேர்கோட்டுச் சமன்பாடு) இங்கே தடுமாறும். செலவு உண்டா இல்லையா என்பதற்கு லாஜிஸ்டிக் (ஆம்/இல்லை நிகழ்தகவைத் தரும் மாடல்), உண்டென்றால் எவ்வளவு என்பதற்கு லாக் இணைப்புள்ள காமா (சிலருக்கு மட்டும் மிகப் பெரிதாகும் நேர்மறை எண்களுக்கு ஏற்ற மாடல்). இரண்டின் விடையையும் பெருக்குங்கள். வயது, பால், நோய்கள் மட்டும் வைத்து ஒருமுறை, குறியீட்டையும் சேர்த்து மறுமுறை ஓட்டுங்கள்.

சோதனை: மாதிரி பார்க்காத தரவில், நலிந்தவர்களுக்கு மட்டும் கணித்த சராசரியை உண்மைச் சராசரியால் வகுங்கள். கணிப்பு 12,000, உண்மை 15,000 என்றால் 0.8, அதாவது குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. குறியீட்டைச் சேர்த்ததும் இது 1-ஐ நெருங்குகிறதா என்று பாருங்கள். ஆர்-ஸ்கொயர் (செலவு வேறுபாட்டில் மாதிரி விளக்கும் பங்கு) கொஞ்சம்தான் ஏறும்; அதற்காக மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.