“சும்மா தொட்டுப் பார்த்தேன்”: பொதுக் கம்ப்யூட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் நிலையத்தில் தகவல் சொல்வதற்காக வைத்த தொடுதிரை, வந்த வேலையை விட்டுவிட்டு வெறும் விண்டோஸ் டெஸ்க்டாப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். மாலில் விளம்பரம் ஓட வேண்டிய திரையில் ஏதோ ஒரு எரர் பெட்டி மின்னும். நூலகத்தில் நமக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஜிமெயிலை மூடாமலே எழுந்து போயிருப்பார். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு இதையெல்லாம் பார்த்தால் விரல் துறுதுறுக்கத்தான் செய்யும். அந்த ஆர்வம் இல்லாதவர் இந்தத் துறையில் பெரிதாக வளர்வதும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் மனசு சொல்லும் சமாதானங்கள் பெரும்பாலும் தப்பானவை.

முதல் சமாதானம்: “பூட்டவில்லையே, அப்புறம் தொட்டால் என்ன?” தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-வது பிரிவைப் படித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். ஒரு கம்ப்யூட்டரின் உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ அனுமதி வாங்காமல் அதை அணுகுவது, தகவலை நகலெடுப்பது, வைரஸை உள்ளே விடுவது, இயக்கத்தைக் கெடுப்பது, உரியவர் பயன்படுத்த முடியாமல் செய்வது என்று அந்தப் பிரிவு வரிசையாக அடுக்குகிறது. பாஸ்வேர்டு போட்டிருக்க வேண்டும், பூட்டு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் எங்கேயும் இல்லை. எல்லா நாட்டிலும் இப்படி என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் 202ஏ பிரிவு, தனியாகப் பாதுகாப்புச் செய்து வைத்த தகவலை எடுத்தால்தான் பாயும். நம் சட்டம் பூட்டைப் பற்றிக் கேட்பதில்லை, அனுமதியைப் பற்றித்தான் கேட்கிறது. டிக்கெட் எடுக்க வைத்த இயந்திரத்தில் டிக்கெட் எடுக்க அனுமதி உண்டு. அதன் செட்டிங்ஸுக்குள் போய் உலாவ யாரும் அனுமதி தரவில்லை.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு, கல்லூரி மாணவர்கள் பலர் கவனிக்காதது. 43-வது பிரிவு இழப்பீடு சம்பந்தப்பட்டது. அதில் சொன்ன காரியத்தையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடி எண்ணத்தோடோ செய்தால் 66-வது பிரிவு வரும்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, “விளையாட்டுக்குத்தான் செய்தேன்” என்ற வாதம் 66-இலிருந்து தப்பிக்க ஒருவேளை உதவலாம். இழப்பீட்டிலிருந்து தப்பிக்க அது போதாது. அந்த வாதத்தைச் சொல்வதற்கே முதலில் ஸ்டேஷனுக்கும் வக்கீலிடமும் நடக்க வேண்டியிருக்கும். 66 ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான், அதற்காக லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். வெளிநாட்டு வேலை, மேல்படிப்பு என்று திட்டம் போட்டிருப்பவருக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி. அரசு ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்த கம்ப்யூட்டர்களின் கதையே வேறு. அவற்றுக்குள் அனுமதியில்லாமல் நுழைய முயன்றாலே 70-வது பிரிவின்படி சிறை 10 ஆண்டு வரை போகும்.

அடுத்த சமாதானம் “யாருக்கும் நஷ்டம் வராது.” இதை நம்பியவர்களில் மிகப் பிரபலமானவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். 1988 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தானாகப் பரவும் ஒரு நிரலை எழுதி, தான் படிக்காத, அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து இணையத்தில் விட்டார். அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. போன இடத்தில் ஏற்கெனவே தன் நகல் ஓடுகிறதா என்று கேட்டுப் பார்க்கும் அளவுக்கு மரியாதையான நிரல்தான். ஆனால் நிர்வாகிகள் “ஓடுகிறது” என்று பொய்ப் பதில் கொடுத்து ஏமாற்றிவிடுவார்களோ என்று பயந்து, அந்தப் பதில் வந்தாலும் 7-க்கு 1 தடவை எப்படியும் இன்னொரு நகலைப் போடும்படி எழுதியிருந்தார். அந்த ஒரு கணக்குதான் தப்பிப் போனது. ஒரே இயந்திரத்தில் நகலுக்கு மேல் நகல் குவிந்து, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மூச்சு முட்டி நின்றன. தண்டனை: 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் அதே எம்ஐடியில் பேராசிரியர் ஆனார் என்பது உண்மைதான். அதைப் பார்த்து யாரும் தெம்பு கொள்ள வேண்டாம், 1988-இன் இணையம் இன்றைக்கு இல்லை. அவ்வளவு விவரம் தெரிந்தவருக்கே தன் நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டித் தெரியவில்லை. அந்த ஸ்டேஷன் திரைக்குப் பின்னால் எதனுடன் எது இணைந்திருக்கிறது என்று நமக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நஷ்டம் செய்யவே கிளம்புபவர்களும் உண்டு. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆல்பனியில், தான் படித்த கல்லூரிக்குள் போய், மின்னழுத்தத்தைப் பாய்ச்சி யுஎஸ்பி துளை வழியாகவே கம்ப்யூட்டரைக் கருக்கிவிடும் கருவியைச் செருகி 66 கம்ப்யூட்டர்களைப் பாழாக்கினார் ஒரு இந்திய இளைஞர். அதைத் தன் போனிலேயே வீடியோவும் எடுத்து வைத்திருந்தார்! ஓராண்டு சிறை கிடைத்தது, சுமார் 58,000 டாலர் இழப்பீடும் கட்ட வேண்டி வந்தது. வழக்குக்கு வேண்டிய சாட்சியை அவரே தயார் செய்து கொடுத்த மாதிரி ஆயிற்று. நம் ஊரில் இன்ஸ்டா ரீல்ஸுக்காகக் கியோஸ்க்கை (பொது இடத்துத் தொடுதிரை இயந்திரத்தை) நோண்டுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

“ரீஸ்டார்ட் போட்டால் எல்லாம் போய்விடும்” என்பது லேப் புழக்கத்திலிருந்து வரும் நம்பிக்கை. பல நூலகங்களிலும் கல்லூரி லேப்களிலும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். இயந்திரத்தை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்புவது அந்த இயந்திரத்தின் டிஸ்க் மட்டும்தான். நெட்வொர்க்கில் பதிவானது சர்வரில் கிடக்கும், கேமராவில் பதிவான முகம் கேமராவில் கிடக்கும். பிரவுசிங் சென்டர்களுக்கு 2011-இல் வந்த விதிகளின்படி, வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், எந்தக் கம்ப்யூட்டர் என்று எழுதி, அந்தப் பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். பார்த்த இணையதளங்களின் பதிவுக்கும் அதே ஓராண்டுக் கணக்கு. தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. எல்லாக் கடையிலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம். நடக்கவில்லை என்று நம்பி இறங்குவது நல்ல கணக்கு இல்லை.

மூடாமல் விட்ட அடுத்தவர் கணக்கு எதிரே இருந்தால் என்ன செய்வது? லாக் அவுட் பட்டனை அழுத்துங்கள், அவ்வளவுதான். இன்பாக்ஸைக் கண்ணால் மேயாதீர்கள். “இப்படி விட்டுவிட்டுப் போகாதே தம்பி” என்று அவர் கணக்கிலிருந்தே அவருக்கு ஒரு மெயில் அனுப்பி அறிவுரை சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நல்ல மனசுதான், ஆனால் அந்த நிமிடத்தில் அவர் பெயரில் நீங்கள் எழுதிவிட்டீர்கள். நாளைக்கு அந்தக் கணக்கிலிருந்து வேறு ஏதாவது போயிருந்தால் சந்தேகம் முதலில் உங்கள் மேல்தான் விழும்.

சரி செய்து கொடுக்கலாம் என்று இறங்குவதும் தவறுதான், இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். எரர் பெட்டியை மூடி, இரண்டு செட்டிங்கை மாற்றி, மெஷினை ஓட வைத்துவிட்டுப் போவது உதவிதானே என்பார்கள். அதைப் பராமரிப்பவருக்கு என்ன மாறியது என்று தெரியாது. மறுநாள் அது மொத்தமாக நின்றால், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் கவுன்டருக்குத் திரும்ப வேண்டும். பென்டிரைவைச் செருகிப் பார்ப்பது இன்னும் மோசம். அங்கே இருக்கும் வைரஸ் உங்கள் வீட்டுக்கு வரும், உங்களிடம் இருப்பது அங்கே போகும்.

பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், பட்ட இடத்திலேயே நிறுத்துங்கள். எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து பார்க்கும் ஆசைதான் பலரை மாட்டிவிடுகிறது. திரையைத் தொடாமல் ஒரு படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் காட்டலாம். பிறர் விவரம் ஏதாவது திரையில் தெரிந்தால் அந்தப் படத்தையும் தவிருங்கள். ஸ்டேஷன் மாஸ்டரோ நூலகரோ “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று அலட்சியமாக அனுப்பினால், இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதலாம். பாதுகாப்புக் குறைகளைப் பற்றிய புகாரை வாங்கி உரியவரிடம் பேசுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. அது சரியாகும் முன் சமூக வலைத்தளத்தில் படத்தோடு போட்டால், அடுத்து வருகிறவனுக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும்.

துறுதுறுப்பைத் தீர்க்க வேறு வழி இருக்கிறது. பழைய லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு, பயிற்சிக்கென்றே ஓட்டையோடு தயாரித்து இலவசமாகக் கிடைக்கும் மெட்டாஸ்ப்ளாய்டபிள் போன்றவற்றை ஓட்டிப் பார்க்கலாம். கல்லூரி லேபிலேயே சோதிக்க வேண்டும் என்றால் லேப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த மெஷின்கள், எந்தத் தேதி, என்னென்ன செய்யலாம் என்பது அதில் இருக்கட்டும். “சார் வாயால் சொன்னார்” என்பது, சார் வேறு கல்லூரிக்கு மாறிப் போன பிறகு எதற்கும் உதவாது.