ஆர்லாண்டோ தீம் பார்க் பயணம்: பணம் கசியும் இடங்கள்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில், டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்குக்கு முதல் தடவை போனபோது காலை எட்டரைக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பினோம். பார்க் திறப்பது ஒன்பது மணிக்கு. போனில் மேப் 15 நிமிடம் என்றது. மேப் பொய் சொல்லவில்லை, 15 நிமிடத்தில் பார்க்கிங் வாசலுக்கு வந்துவிட்டோம். ஆனால் பார்க்கிங் இருக்கும் இடத்தில் பார்க் இல்லை. குழந்தையைத் தள்ளும் ஸ்ட்ரோலர் வண்டியை மடக்கி டிராமில் ஏறி, பையைச் சோதிக்கும் வரிசையைத் தாண்டி, ஏரியின் அக்கரைக்குப் படகில் போவதா மோனோரயிலில் போவதா என்று பேசி முடித்து, ஒருவழியாக வாசலைத் தொட்டபோது மணி பத்தாகிவிட்டது. "இன்னும் எத்தனை வண்டி மாறணும்?" என்று சின்னவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அதிகம் காத்திருக்காமல் ரைடு ஏறக்கூடிய அந்த முதல் ஒரு மணி நேரம் போயே போய்விட்டது.

சிக்கனமாக ஆர்லாண்டோ போய்வர நினைப்பவர்கள் டிக்கெட் தள்ளுபடியைத் தேடித் தேடியே களைத்துப் போகிறார்கள். அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வாங்கிய டிக்கெட்டை அனுபவிக்க முடியாமல் வீணாகும் மணி நேரங்களில்தான் பெரிய தொகை கரைகிறது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிஸ்னியில் ஒரு நாள் டிக்கெட் சாதாரணமாக 500 டாலரைத் தாண்டும். பார்க்கில் பத்து மணி நேரம் இருப்பதாக வைத்துக்கொண்டால், படகுத்துறையில் நின்ற ஒரு மணி நேரத்தின் விலை 50 டாலர். ஸ்ட்ரோலர் வாடகையில் 10 டாலர் மிச்சம் பிடிப்பதைவிட இதைப் பார்ப்பது முக்கியம்.

மேஜிக் கிங்டம் நாளில் மட்டும், பார்க்கிங்குக்குள் நுழைவதிலிருந்து பார்க் வாசல்வரை 45 நிமிடமாவது ஒதுக்குங்கள். மற்ற மூன்று டிஸ்னி பார்க்குகளில் இந்த அக்கரைப் பிரச்சினை இல்லை, வாசலுக்கு எதிரிலேயே காரை நிறுத்தலாம்.

எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பது

டிஸ்னி வேர்ல்டு ஒரே பார்க் என்று நினைத்துக் கிளம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1971இல் மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் இன்றைய ஹாலிவுட் ஸ்டுடியோஸ், 1998இல் அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்குகள் வந்தன. இவை சுமார் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் பரவிக் கிடக்கின்றன. இன்னொரு கம்பெனியான யுனிவர்சலில் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் என்ற இரண்டு பார்க்கும் பக்கத்துப் பக்கத்தில். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தனி வளாகம். இவை போக சீவேர்ல்டு, லெகோலேண்டு, தண்ணீர்ப் பூங்காக்கள். ஐந்து நாளில் ஏழு பார்க் என்று திட்டம் போட்டால், மூன்றாம் நாள் மதியம் குழந்தை தரையில் உட்கார்ந்துவிடும். அன்றைய டிக்கெட்டும் அதோடு சரி.

டிஸ்னி டிக்கெட்டில் நாள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை குறையும். நான்கு நாளை ஐந்தாக்க ஆகும் கூடுதல் தொகை சின்னதாகத் தெரியும். அந்த ஐந்தாவது நாளுக்கும் அறை வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் உண்டு என்பதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே கம்பெனியின் பார்க்குகளில் மூன்று அல்லது நான்கு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு, இதுதான் சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குச் சரிப்பட்டு வரும் என்பது என் எண்ணம்.

ஒரே நாளில் பார்க் மாறிக்கொள்ளும் ஹாப்பர் டிக்கெட் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. மாறுவதற்கே மதியம் போய்விடும். ஒரு விதிவிலக்கு யுனிவர்சல். ஹாரி பாட்டர் ரசிகர் வீட்டில் இருந்தால் கவனம்: கதையில் வரும் ஹாக்ஸ்மீட் கிராமம் ஒரு பார்க்கில், டயகன் ஆலி கடைத்தெரு இன்னொரு பார்க்கில். இரண்டுக்கும் நடுவே ஓடும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸில் ஏற, இரண்டு பார்க்குக்கும் சேர்ந்த டிக்கெட் வேண்டும். ஒரு பார்க் டிக்கெட் வைத்துக்கொண்டு ரயில் வாசல்வரை போய்ப் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் பெற்றோரை அங்கே பார்க்கலாம்.

வயதும் உயரமும்

டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் 3 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10 ஆனால் பெரியவர். "பத்து வயசு ஆகறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்று அவசரப்படுபவர்கள் உண்டு. உண்மையில் குழந்தை டிக்கெட்டுக்கும் பெரியவர் டிக்கெட்டுக்கும் வித்தியாசம் சில டாலர்கள்தான். பெரிய தாவல் மூன்றாவது பிறந்தநாளில் வருகிறது.

வயதைவிட உயரம்தான் பயணத்தின் விலையைத் தீர்மானிக்கிறது. மேஜிக் கிங்டத்தின் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் ரைடுக்கு 38 அங்குலம், அதாவது 97 செ.மீ. வேண்டும். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., டிரானுக்கு 122. யுனிவர்சலின் ஹாக்ரிட் மோட்டார் சைக்கிள் ரைடும் 122 கேட்கிறது, வெலோசிகோஸ்டர் 130. கிளம்புமுன் பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி அளந்து, எந்த எந்த ரைடில் ஏற முடியும் என்று எண்ணிப் பாருங்கள். 100 செ.மீ. குழந்தைக்கு மேஜிக் கிங்டத்தில் நாள் முழுக்க வேலை இருக்கிறது. ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் அதே குழந்தை, அண்ணன் ஏறுவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் எல்லாருமே சின்னவர்கள் என்றால், 2 முதல் 12 வயதுக்காகவே அமைத்த லெகோலேண்டை யோசிக்கலாம். அது ஆர்லாண்டோவில் இல்லை, விண்டர் ஹேவனில். டிஸ்னியிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்.

உயரம் எட்டாத குழந்தைக்காக அப்பாவும் அம்மாவும் இரண்டு முறை முழு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்று கேட்டால் போதும். ஒருவர் குழந்தையோடு இருக்க மற்றவர் போய்வருவார், பிறகு இவர் மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். காசு கிடையாது. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மலிவு டிக்கெட், மலிவு அறை

யாரோ பாதி உபயோகித்த பல நாள் டிக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். டிக்கெட் கைமாற்றக் கூடாதது. டிஸ்னி வாசலில் டிக்கெட்டோடு விரலையும் ஸ்கேன் செய்கிறார்கள், முதல் நாள் நுழைந்தவரின் விரலோடு பொருந்தாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை வீட்டை வருடத்தில் சில நாள் பயன்படுத்தும் உரிமையை விற்பது. ஹோட்டல் லாபியில் ஒரு மேஜை, சிரித்த முகம், "உங்களுக்கு டிஸ்னி டிக்கெட் வேணுமா? ரொம்பக் குறைந்த விலை." காலையில் ஒன்றரை மணி நேரம் ஒரு விடுமுறை வீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் போதும் என்பார்கள். நாங்கள் ஒருமுறை போனோம். ஒன்றரை மணி நேரம் என்றது மூன்று மணி நேரமானது. வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி ஓடி ஓடிக் களைத்தே போனார்கள். கையில் வந்த தள்ளுபடி நிஜம்தான், போன அரை நாளும் நிஜம்தான்.

அறை வாடகையில் நடப்பது வேறு. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) ஹோட்டல் அறைக்கு மொத்த வரி 12.5 சதவீதம், பக்கத்து ஊரான கிஸிம்மீ இருக்கும் ஆஸியோலா கவுண்டியில் 13.5. இதற்கு மேல் ரிசார்ட் ஃபீ என்று ஹோட்டல் வசதிகளுக்காக வாங்கும் கட்டாயக் கட்டணம். 2025 மே முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்திருக்கிறது, ஆனால் வரியும் ஹோட்டல் பார்க்கிங்கும் அந்தத் தொகைக்கு வெளியே இருக்கலாம். உதாரணத்துக்கு, ரிசார்ட் ஃபீயோடு 120 டாலர் அறை. வரி 15, ஹோட்டல் பார்க்கிங் 20 என்று வைப்போம். தினமும் டிஸ்னி பார்க்கிங்குக்கு 30 டாலருக்குக் குறையாது. 120 என்று பார்த்தது 185 ஆகிவிட்டது.

டிஸ்னியின் சொந்த மலிவு ஹோட்டல்களில் ரிசார்ட் ஃபீ இல்லை, ஹோட்டலிலும் பார்க்கிலும் பார்க்கிங் இலவசம், பஸ் இலவசம், பார்க்குக்குள் அரை மணி நேரம் முன்னதாக விடுகிறார்கள். அவற்றில் பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இரண்டில் எதில் தங்கினாலும் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் கொண்டுபோய் விடும். வெளியில் தங்குவதே எப்போதும் மலிவு என்று நினைக்காமல் இரண்டையும் எழுதி வைத்துக் கூட்டுங்கள். ஆறு பேர், ஏழு பேர் என்றால் கிஸிம்மீயில் சமையலறையோடு வீடு எடுப்பதுதான் கட்டுப்படியாகும். ஆனால் வீட்டுக்குத் துப்புரவுக் கட்டணம் ஒரே தொகை, இரண்டு இரவுக்கு எடுத்தால் கையைக் கடிக்கும்.

வெயிலை நம்பிப் போவது

ஃப்ளோரிடாவுக்குள்ள சன்ஷைன் ஸ்டேட் என்ற பட்டப்பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்லாண்டோவில் பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். மழை அரை மணி நேரத்தில் நின்றுவிடும். ஆனால் பக்கத்தில் மின்னல் இருந்தால் வெளிப்புற ரைடுகளையெல்லாம் நிறுத்திவிடுவார்கள், மழைக்காக டிக்கெட் பணம் திரும்ப வராது. எனவே வெளிப்புற ரைடுகளைக் காலையில் முடித்துவிட்டு, மதியத்தை உள்ளரங்குக் காட்சிகளுக்கு வையுங்கள். இல்லையென்றால் ஹோட்டலுக்குப் போய்த் தூங்கிவிட்டு மாலையில் திரும்புங்கள். மழைக்கோட்டு வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும், பார்க்கில் அதன் விலையைக் கேட்டால் நனைவதே மேல் என்று தோன்றும்.

ஜனவரியில் போகிறவர்கள் இதற்கு நேர்மாறான தவறு செய்கிறார்கள். அரைக்கால் சட்டையோடு பெட்டியை மூடிவிடுவார்கள். அந்த மாதம் அதிகாலையில் சராசரியாக 10 டிகிரி வரை இறங்கும், வாசல் திறக்கக் காத்திருக்கும்போது பல் தந்தியடிக்கும்.

விலையும் கூட்டமும் குறைவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஃப்ளோரிடா பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுகின்றன. புயல் காலத்தின் உச்சமும் அதே செப்டம்பர்தான், ஆகவே ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். அந்த மாதங்களில் மேஜிக் கிங்டத்தில் சில இரவுகள் தனிக் கட்டண ஹாலோவீன் பார்ட்டி நடக்கும். சாதாரண டிக்கெட்காரர்களை மாலை 6 மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். இது தெரியாமல் இரவு வாணவேடிக்கைக்காகப் போனால் ஏமாற்றம். தெரிந்தே போனால் லாபம்: ஆறு மணிக்கு மூடுகிறார்களே என்று பலரும் தவிர்ப்பதால் அன்று பகலில் கூட்டம் குறைவு. எப்படியும் ஆறு மணிக்குமேல் தாங்காத சின்னக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது.

சின்னச் சின்னக் கசிவுகள்

டிஸ்னிக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கண்ணாடிப் பாட்டிலும் உதிரி ஐஸ் கட்டியும் கூடாது. குளிர்ச்சிக்கு ஜெல் பேக் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மா தருவார்கள். யுனிவர்சல் கொஞ்சம் கறார், நொறுக்குத்தீனி பரவாயில்லை, முழுச் சாப்பாடு கூடாது. குழந்தைகளை உட்காரவைத்து இழுக்கும் வேகனை டிஸ்னி 2019இலிருந்து அனுமதிப்பதில்லை. புதிதாக வாங்கிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள்.

வரிசையைத் தாண்டிப் போக டிஸ்னி தனியாக விற்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸை எல்லா நாளும் எல்லோருக்கும் வாங்குவது வீண். சீக்கிரம் எழ முடிந்தவர்கள் மேஜிக் கிங்டத்துக்கு ஒரு நாள் வாங்கினால் போதும், எழவே முடியாதவர்கள் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் சேர்த்து வாங்கலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்னதாக, மற்றவர்கள் 3 நாள் முன்னதாக ரைடு நேரத்தைப் பதிவு செய்யலாம். அந்தக் காலையில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் சாலைகளில் டோல் உண்டு. வாடகைக் கார் கம்பெனியின் டோல் திட்டத்தில் சேர்ந்தால் டோலோடு சேவைக் கட்டணமும் சேரும். ஆர்லாண்டோ சர்வதேச விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு விசிட்டர் டோல் பாஸ் இலவசமாகக் கிடைக்கிறது, டோலை மட்டும் கட்டினால் போதும். ஆப்பில் பதிந்துவிட்டு அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வு நாளுக்கு டிக்கெட் தேடாதீர்கள். நகரத்துக்கு வடக்கே வெகிவா ஸ்பிரிங்ஸில் வருடம் முழுக்க 22 டிகிரியில் ஊற்றுத் தண்ணீர். ஒரு காருக்கு 6 டாலர். வார இறுதியில் காலையிலேயே நிரம்பி வாசலை அடைத்துவிடுவார்கள், வார நாளில் போங்கள்.

அப்புறம், மேஜிக் கிங்டத்தில் காரை விட்டதும் வரிசைப் பலகையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அங்கே பார்க்கிங்கை நாயகர்கள், வில்லன்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு, தோளில் தூங்கும் குழந்தையோடு, நாங்கள் வில்லன் ஜாஃபர் பெயர் கொண்ட வரிசை முழுவதும் நடந்து தேடினோம். கார் நாயகன் அலாதீனில் நின்றுகொண்டிருந்தது.