செக்ரோலில் 18, அடக்கப் பதிவேட்டில் 70: நீலகிரி முன்னோரின் முரண்படும் வயதுகளைச் சரிபார்ப்பது எப்படி

தோட்டத்து செக்ரோலில் (தொழிலாளர் பேர், சம்பளப் பதிவேடு) ஒரு வயது, ரேஷன் கார்டில் ஒரு வயது, சர்ச் அடக்கப் பதிவேட்டில் வேறொரு வயது. நீலகிரியில் முன்னோரைத் தேடத் தொடங்கியவர்கள் சீக்கிரமே இதில் வந்து நிற்பார்கள். உடனே ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதிவில் இருக்கும் வயது, யாரோ ஒருவர் ஒரு தேவைக்காகச் சொன்ன பதில். சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார், பிறந்து எத்தனை வருஷம் கழித்துச் சொன்னார் என்று பார்த்துத்தான் அதற்கு எடை போட வேண்டும்.

முதல் வேலை, ஒவ்வொரு வயதையும் பிறந்த காலமாக மாற்றுவது. 1957 மே மாதப் பதிவில் வயது 18 என்றால், 18 பூர்த்தியானவர் 1938 மே முதல் 1939 மே வரைக்குள் பிறந்திருப்பார். ஆனால் நம் ஊரில் 'நடப்பு வயது' சொல்வது சகஜம். 17 முடிந்து 18 நடக்கிறது என்ற பொருளில் சொல்லியிருந்தால் எல்லை 1940 மே வரை நீளும். எனவே ஒரு வயதுக்கு எப்போதும் இரண்டு வருஷ அகலம் கொடுங்கள். ஒற்றை ஆண்டாகக் குறித்துவைத்தால் பின்னால் எல்லாப் பதிவும் ஒன்றோடொன்று சண்டை போடுவது போலவே தெரியும்.

அடுத்தது, வயதைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த காரணங்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 18 முடிந்தால்தான் பெரியாள். வீட்டில் வருமானம் போதாதபோது 15, 16 வயதுப் பிள்ளையை 18 என்று சொல்லி செக்ரோலில் பேர் பதிந்திருப்பார்கள். ஓய்வு நெருங்கும்போது அதே ஆளின் வயது குறையும். முதியோர் உதவித்தொகை கேட்கும்போது திரும்பவும் கூடும். கல்யாணப் பதிவில் சட்டம் பேசும்: பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14, 1949-ல் 15, 1978-ல் 18. அந்தந்தக் காலத்துப் பதிவில் சரியாக அதே எண் நின்றால் சந்தேகப்படுங்கள். பழைய வாக்காளர் பட்டியலிலும் அப்படித்தான். 1989 வரை ஓட்டுரிமை 21 வயதில்தான் கிடைத்தது.

பள்ளிப் பதிவேட்டில் நாள், மாதம், வருஷம் எல்லாம் இருப்பதால் நம்பிவிடத் தோன்றும். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. 1955 ஜூனில் சேர்ந்த பிள்ளையின் பிறந்த நாள் 1-6-1950 என்று இருந்தால், அது வாத்தியார் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதிய தேதியாக இருக்கலாம். அதே பக்கத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் மே, ஜூன் தேதிகளே வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டி.சி.யைவிட, அதற்கு மூலமான சேர்க்கைப் பதிவேட்டைப் பார்ப்பது நல்லது.

30, 35, 40, 60, 70 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் பெரும்பாலும் குத்துமதிப்பானவை. அவற்றுக்கு இருபுறமும் ஐந்து வருஷம் இடம் விடுங்கள். இறப்புப் பதிவில் வயதைச் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மருமகனோதான். முதியவர் என்றால், பிறந்ததைப் பார்த்தவர்கள் அப்போது அநேகமாக யாரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். மாறாக, பிறந்த சில நாளில் எழுதிய ஞானஸ்நானப் பதிவுக்கு மதிப்பு மிக அதிகம். அதில் பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும், மாற்றிப் படித்துவிடக் கூடாது. பெரியவரான பிறகு ஞானஸ்நானம் பெற்றவரின் வயது வெறும் ஊகம்தான்.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களில், 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு (இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வழிசெய்தது) பிந்திய தாள்களில் குடும்பம் முழுவதன் வயதும் ஒரே நாளில், ஒருவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதப்பட்டிருக்கும். அதில் வயதைவிட அண்ணன் தம்பி வரிசையை நம்பலாம். இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் பெட்டியில் கிடந்தால் அதற்கே முதலிடம்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. கொழுந்து பறித்த ஒரு பெண்மணிக்கு நான்கு பதிவுகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 1954 நவம்பர் செக்ரோலில் 18. 1957 மே கல்யாணப் பதிவில் 18. 1975 ரேஷன் கார்டில் 35. 2003 பிப்ரவரி அடக்கப் பதிவேட்டில் 70. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், 35-க்கும் 70-க்கும் ஐந்து வருஷ இடம் விடாமலே 1932 முதல் 1941 வரை அலைய வேண்டியதுதான். இப்போது கூடப் பிறந்தவர்களைத் தேடுங்கள். நேர் மூத்த அக்கா 1937 ஜூலையிலும், நேர் இளைய தம்பி 1941 பிப்ரவரியிலும் பிறந்ததாகக் கைக்குழந்தை ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. ஒரே தாய்க்கு இரு பிரசவத்துக்கு இடையே குறைந்தது ஒன்பது மாதம் வேண்டும். ஆகவே இவர் பிறந்தது ஏறத்தாழ 1938 ஏப்ரல் கடைசிக்கும் 1940 மே மாதத்துக்கும் நடுவில். கல்யாணப் பதிவு அப்படியே உள்ளே பொருந்துகிறது. அன்று சட்ட வயது 15 என்பதால் 18 என்று கூட்டிச் சொல்ல அவசியமும் இல்லை. ரேஷன் கார்டும் ஒத்துப்போகிறது. செக்ரோல் வயது பெரியாள் சம்பளத்துக்காகக் கூட்டியது. அடக்கப் பதிவேட்டின் 70 குத்துமதிப்பு.

ஜாதகமோ பழைய நோட்டோ கிடைத்தால் தமிழ் வருஷத்தில் கவனம். பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 'தாது வருஷம்' என்பது பெரும் பஞ்சம் வந்த 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். வருஷம் சித்திரையில் தொடங்குவதால், பிந்திய தாது வருஷத்துத் தை மாதம் 1937 ஜனவரி, பிப்ரவரியில் வரும். வருவாய்த் துறைத் தாள்களில் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும்: பசலி 1346 என்றால் 590 கூட்டி 1936 ஜூலை முதல் 1937 ஜூன் வரை. கூடலூர்ப் பக்கத்து மலையாளத் தாள்களில் கொல்லம் ஆண்டு 1112 இருந்தால் அதுவும் 1936-37 தான்.

தமிழ் எண்களில் இன்னொரு கண்ணி உண்டு. ஒன்றுக்கு ௧, ஒன்பதுக்கு ௯. நான்குக்கு ௪, ஆறுக்கு ௬. இந்த ஜோடிகளைப் பிரித்துக் காட்டுவது வால் மட்டுமே. மலை ஈரத்தில் மை கசிந்து வால் அழிந்தால் ஒன்பது ஒன்றாகிவிடும், ஆறு நான்காகிவிடும். அதே கணக்குப்பிள்ளை அதே பக்கத்தில் வேறு இடத்தில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ௨௰௫ என்று இருந்தால் 25, நடுவில் இருக்கும் ௰ பத்தைக் குறிக்கும். ஆங்கில அடக்கப் பதிவேட்டில் வயதுக் கட்டத்தில் 8/12 என்றால் எட்டு மாதக் குழந்தை.

வித்தியாசம் பத்து வருஷத்தைத் தாண்டினால், ஒரே ஆள்தானா என்று முதலில் கேளுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். செத்துப்போன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கும் வைப்பார்கள். தாய் பெயர், பூர்வீக ஊர், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) எண், ஞானப் பெற்றோர் பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துவந்தால்தான் இரு பதிவையும் ஒருவர் கணக்கில் சேர்க்கலாம்.

எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதிலும் வரலாறு குறுக்கிடும். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கூடலூர், பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டம். வெலிங்டனில் பிறந்திருந்தால் கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) பதிவேட்டையும் கேளுங்கள். பழைய பிறப்புப் பதிவுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும்.

முடிவைக் குடும்ப மரத்தில் எழுதும்போது '1939' என்று ஒற்றை எண் போடாதீர்கள். '1938 ஏப்ரல் – 1940 மே; கல்யாணப் பதிவு, அக்கா தம்பி ஞானஸ்நானம் ஆகியவற்றின்படி' என்று எழுதி, ஒத்துவராத செக்ரோல் வயதையும் அடக்கப் பதிவேட்டு வயதையும் பதிவில் உள்ளபடியே, பக்க எண்ணோடு கீழே சேர்த்துவையுங்கள். நாளைக்கு ஒரு ஜாதகம் கிடைத்தால் சரிபார்க்க அவையும் தேவைப்படும்.