சவுண்ட்பாரில் சத்தம் வராத சிக்கல் தீர்ந்தது

காட்பாடி வீட்டு டிவியில் சவுண்ட்பாரை (டிவிக்கு வெளியே வைக்கும் நீள ஸ்பீக்கர்) எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இணைத்தால் சத்தமே வரவில்லை. படம் சரியாக இருந்தது. வேலூரில் புது கேபிள் வாங்கி மாற்றினேன், பலனில்லை. பார்க்க வந்த மெக்கானிக் சவுண்ட்பார் போர்டு போய்விட்டது என்றார். நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

ஆப்டிகல் கேபிளைப் போட்டதும் சத்தம் வந்தது. அப்போ போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. இதைத்தான் பலரும் கவனிக்க மாட்டார்கள். ஆப்டிகலில் ஒலி மட்டுமே போகும். எச்டிஎம்ஐயில் கட்டளைகளும் போகும், அதற்குப் பெயர் சிஇசி. டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி பொதுவாக அந்த சிஇசி பேச்சில்தான் தொடங்கும்.

செட்டிங்ஸில் 'சிஇசி' என்று மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஒவ்வொரு கம்பெனியும் அதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். எங்கள் டிவியில் அது அணைந்திருந்தது. அதை ஆன் செய்து, ஒலி வெளியீட்டை எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கு மாற்றி, டிவி, சவுண்ட்பார் இரண்டின் பிளக்கையும் சற்று நேரம் பிடுங்கி வைத்தேன். அப்புறம் சத்தம் வந்தது, ரிமோட்டும் வேலை செய்தது.

கேபிளை ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில்தான் செருக வேண்டும். பல டிவிகளில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.