தண்ணீர் இறங்கவில்லையா? பிளம்பரைக் கூப்பிட முதல் இதைச் செய்து பாருங்கள்

போன மாரிக்கு எங்கள் குசினி சிங்க் அடைத்தபோது நான் செய்த முதல் வேலை போனை எடுத்ததுதான். வந்தவர் சிங்குக்குக் கீழே இருந்த வளைவைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார், காசை வாங்கினார், போய்விட்டார். மூன்றாம் நாள் பழையபடி சோற்றுப் பருக்கையோடு தண்ணீர் சிங்கிலேயே நின்றது. கடைசியில் பார்த்தால் அடைப்பு பின்வளவில், வாழைப்பாத்திக்குப் போகும் பைப்பின் வாயில். அந்த வாயை மூடிக்கொண்டு ஒரு வாழைக்குட்டி வளர்ந்து நின்றது, நான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறேன்!

அதனால் எங்கே அடைத்திருக்கிறது என்பதை முதலில் நீங்களே தேடுங்கள். அரை மணித்தியாலம் போதும்.

முதலில் வாளி. சிங்க், பேசின், குளியலறை, கொமட் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மெதுவாக இறங்கினால் கோளாறு அதன் சொந்த வளைவிலோ பைப்பிலோதான். இரண்டில் என்றால் அவை சேர்ந்து போகும் பைப்பில். கொமட்டில் ஊற்றும்போது குளியலறைத் துவாரம் 'களக் களக்' என்றால் இரண்டும் சேரும் இடத்துக்கு அப்பால் அடைத்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவுகட்டலாம். யாழ்ப்பாணத்தில் நம்மூர் வீடுகள் பலவற்றில் குசினித் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகும், கொமட் மட்டும் மலக்குழிக்குப் போகும். உங்கள் வீட்டில் எது எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு வெளியே போய் நின்று பாருங்கள்.

அப்புறம் வளைவு. கீழே வாளியை வைத்துவிட்டு நட்டைக் கையால் திருகினாலே பெரும்பாலும் கழன்றுவிடும். உள்ளே தேங்காய்ப்பால் கொழுப்பு, பொரித்த எண்ணெய், மீன் செதில் எல்லாம் பசைபோல ஒட்டியிருக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிப்பதும் அதனால்தான். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாகக் கரையாமல் வெள்ளைக் கசடாகி, பைப்பின் உட்சுவரில் படிந்துவிடும். கழுவிப் பூட்டிவிட்டுச் சுடுதண்ணீர் ஊற்றலாம், ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பீவீசி இளகிவிடும். ரப்பர் பம்ப் வைத்து அமுக்குவதென்றால் ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும், பேசினின் மேல் துவாரத்தை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் கோஸ்டிக் சோடாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொழுப்போடு சேர்ந்து இறுகினால் பிறகு அடைப்பெடுக்கும் கம்பியும் போகாது. அது போதாதென்று கொமட் கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால் வருகிற பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவருடைய கையும் கண்ணும்தான் முதலில் அதில் படும்.

வெளிப்பெட்டியைத் திறவுங்கள். என் கணக்கில் பாதிப் பதில் இங்கேதான். வீட்டுக்கு வெளியே முதலாவது மேன்ஹோல் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, உள்ளே தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பெட்டி காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் பெட்டிக்கும் இடையில், நிரம்பி நின்றால் பெட்டிக்கு அப்பால். வேலியோரமாகப் பைப் போகிறதென்றால் பூவரசு, கிளுவை வேர்களைச் சந்தேகிக்கலாம், மூட்டில் ஒரு மயிரிழை இடைவெளி போதும் அவற்றுக்கு. மலக்குழி மூடியை மட்டும் திறந்து எட்டிப்பார்க்க வேண்டாம், அந்த வாயு ஆளைக் கொல்லும்.

மாரிகாலத்தில் இன்னொரு சோதனை: கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் மேலே ஏறி நிற்கிறது, கொமட்டும் இறங்கவில்லை என்றால் உங்கள் குழியைச் சுற்றியும் நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது, எத்தனை கம்பி விட்டாலும் பிரயோசனமில்லை. சபையின் கழிவகற்றும் பவுசரைக் கூப்பிட்டு எடுப்பிக்கலாம், ஆனால் மழை விடும்வரை திரும்ப நிரம்பும். அந்த நேரத்தில் 'குழியின் அடியைக் கல்வரைக்கும் உடைத்துவிட்டால் சரி' என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் குழிக் கழிவு நேரே உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோ வரும்.

இனி ஆளைப் பிடிப்பது. அண்மையில் வீடு கட்டியவர்களிடம் கேளுங்கள், ஹாட்வெயார் கடையிலும் கேளுங்கள். 'நல்ல ஆளா?' என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள், 'பிழை வந்தபோது திரும்பி வந்தாரா?' என்று கேளுங்கள். என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் நல்லது, இல்லாத கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். போனில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணை, குசினி சிங்க் மட்டும்தான். வளைவு கழட்டிப் பாத்தன், சுத்தமா இருக்கு. வெளிப்பெட்டி காஞ்சு கிடக்கு. ரெண்டு இஞ்சி பைப், ஒரு இருவது அடி வரும்."

எப்போது தொடங்கியது, பைப் எத்தனை இடத்தில் வளைகிறது என்று அவர் திருப்பிக் கேட்டால் வரச் சொல்லுங்கள். பார்க்காமலே 'நிலத்தை உடைக்கவேணும்' என்றால் அடுத்தவருக்கு எடுங்கள். பார்க்க வருவதற்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று முதலே கதைத்துவிடுங்கள், சாமான்களை அவர் எழுதித் தரும் துண்டைப் பார்த்து நீங்களே வாங்குங்கள்.

புதுப் பைப் தாழ்த்தினால் சரிவைக் கவனியுங்கள். இந்த இரண்டு அங்குலப் பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 20 அடிக்கு 5 அங்குலம் இறங்கவேண்டும். நூல் பிடித்துக் காட்டச் சொன்னால் நல்ல வேலைக்காரர் கோபிக்கமாட்டார். சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். கிடங்கை மண்போட்டு மூட முதல் பைப் போகும் வழியை அளவு நாடாவோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், பைப் வாய்க்குப் பக்கத்தில் வாழைக்குட்டி நின்றால் அன்றைக்கே கிளப்பி வேறு இடத்தில் நட்டுவிடுங்கள்.