யூஎஸ்பி எஸ்எஸ்டி அடிக்கடி உறைந்து நிற்கிறதா? லினக்ஸ் டிரைவரிடம் சொல்லிவையுங்கள்

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் யூஎஸ்பி கேஸில் போட்ட எஸ்எஸ்டி. பெரிய கோப்பை நகலெடுத்தால் அரை நிமிடம் அசையாமல் நிற்கும், அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கேபிள், அடாப்டர் மாற்றியும் தீராவிட்டால் கேஸுக்குள் யூஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப்பைச் சந்தேகப்படுங்கள்.

யூஏஎஸ் என்பது யூஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை. அதில் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, பல கட்டளைகளை ஒரே நேரத்தில் அனுப்பும். "எனக்கும் தெரியும்" என்று சொல்லும் சில சிப்கள், வேலை கூடினால் ஏதாவது ஒன்றுக்குப் பதிலே தராது. கெர்னல் 30 விநாடி பார்த்துவிட்டு டிஸ்க்கை ரீசெட் செய்யும். அந்த அரை நிமிடம் இதுதான்.

கட்டளைப் பெயர்களைத் தமிழ் ஒலியில் தருகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில், கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜ் (தட்ட வேண்டியது டி-எம்-இ-எஸ்-ஜி மட்டும்). 'யூஏஎஸ் அபார்ட் ஹேண்ட்லர்' வரிகளும் அடுத்து ரீசெட்டும் இருந்தால் சரியான இடம்தான். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கொடுத்து, டிஸ்க்கின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம்.

இனிதான் பலரும் மாட்டும் இடம். இணையத்தில் பாதிப் பேர் மாட்யூல்களுக்கான, அதாவது தனியே ஏற்றும் டிரைவர்களுக்கான, அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப் கோப்புறையில் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். ராஸ்பெர்ரி பையில் அது பலிக்காது; அங்கே யூஎஸ்பி டிஸ்க்குக்கான டிரைவர் தனி மாட்யூல் இல்லை, கெர்னலோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். எழுத வேண்டியது, பூட் ஆகும்போது கெர்னலுக்குப் போகும் சிஎம்டிலைன் கோப்பில். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பில் அது பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் கோப்புறையில் இருக்கும். 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=' போட்டு, இடைவெளி விடாமல் அடையாள எண், முக்காற்புள்ளி, சிறிய 'யூ' எழுத்து; யூஏஎஸ் வேண்டாம் என்று அதற்குப் பொருள்.

கோப்பு முழுவதும் ஒரே வரி. அடுத்த வரிக்கு இறங்கினால் நீங்கள் சேர்த்தது கெர்னலுக்குப் போகாது. அதனால் எழுத எனக்கு விம் எடிட்டர்தான் பிடிக்கும்; நானோ எடிட்டரின் 4.0-க்கு முந்தைய பதிப்புகளில் அது நீண்ட வரியைத் தானே மடித்துவிடும். கோப்புக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.

ரீபூட் செய்து மறுபடி டிமெசேஜ். 'குவர்க்ஸ் மேட்ச்' வரியின் முடிவில் 800000 இருந்தால் டிரைவர் கேட்டுக்கொண்டது. எல்எஸ்யூஎஸ்பியை 'மைனஸ் டி'யுடன் கொடுத்தால் யூஏஎஸ் போய் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் வந்திருக்கும். இனி ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். சின்னச் சின்னக் கோப்புகளில் வேகம் குறைவது தெரியும். தொங்காமல் ஓடும் டிஸ்க்குக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.

சேர்க்கை: உபுண்டு மேசைக்கணினியில் மாட்ப்ரோப் வழி வேலை செய்யவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே டிரைவர் மாட்யூல்தான், ஆனால் டிஸ்க்கிலிருந்தே பூட் ஆனால் அது இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து, அதாவது பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பிலிருந்து, முன்னதாகவே ஏறிவிடும். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்ஸை 'மைனஸ் யூ'வுடன் ஓட்டிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

இன்னொருவருக்கு டிஸ்க்கின் கடைசி செக்டரில் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சிறு துண்டுதான் செக்டர்) மட்டும் பிழை. கெர்னல் கொள்ளளவு கேட்டால் டிஸ்க் கடைசி செக்டரின் எண்ணைச் சொல்ல வேண்டும்; எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால் அது மொத்த எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. சில சாதனங்கள் மொத்த எண்ணிக்கையைச் சொல்லிவிடும், கெர்னலும் இல்லாத செக்டரைத் தேடிப் போகும். அதற்கு 'யூ' இருந்த இடத்தில் 'சி' எழுத்து, ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இரண்டும் வேண்டுமென்றால் எழுத்துகளை ஒட்டியே எழுதலாம். இரண்டு டிஸ்க் என்றால் நடுவில் காற்புள்ளி.