கோணல் மனையில் வீடு வரைவது எப்படி?

முக்கோணமாகவோ, நீண்டு ஒடுங்கியோ, மூன்று பக்கமும் பிறர் சுவர் சூழ்ந்தோ அமைந்த நகர மனையில் வீடு வரைபவர்கள் பெரும்பாலும் அறைகளின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறார்கள். இத்தகைய மனைகளில் கட்டாமல் விட வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அறைகளைக் கடைசியில் வரைவதே நல்லது.

முதல் வேலை அளப்பது. நான்கு பக்கங்களின் நீளம் மாறாமலே கோணங்கள் மாறக்கூடும் என்பதால், மூலைவிட்டத்தையும் அளந்து, மனையை முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் தாளில் வரையுங்கள். அண்டைக் கட்டடங்களின் உயரத்தையும் சன்னல்களையும், கட்டட விதிகள் விடச் சொல்லும் இடைவெளியையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம், இதில் அவசரம் கூடாது. தரையிலிருந்து சன்னலின் மேல் விளிம்பு வரையுள்ள உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகலொளி பயன்படும் அளவில் உள்ளே வரும். அந்த விளிம்பு 2.1 மீட்டர் உயரத்தில் இருந்தால், 14 மீட்டர் நீள வீட்டில் முன்னும் பின்னும் சன்னல் வைத்தாலும் நடுப்பகுதி மங்கலாகவே கிடக்கும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ 1976-இல் ஒசாகாவின் சுமியோஷியில் அமைத்த ஒடுங்கிய வீட்டை மூன்று சம பங்குகளாக்கி, நடுப்பங்கைக் கூரையில்லா முற்றமாக விட்டார். மழை பெய்தால் ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குக் குடையோடு போக வேண்டிய அந்தத் துணிவு எல்லோருக்கும் வாய்க்காது. அதே இடத்துக்குமேல் கண்ணாடிக் கூரையிட்டு, அதன் ஓரங்களில் சூடான காற்று வெளியேறத் திறப்பு விட்டாலும் பயன் கிடைக்கும்.

பிறகு மாடிப்படி. மூன்று மீட்டர் ஏற, சுமார் 17 சென்டிமீட்டர் உயரத்தில் 18 படிகள் தேவை. ஒரே நேராக அமைத்தால் நான்கு மீட்டருக்கு மேல் நீளம் போய்விடும். சிறு மனையில் இது ஓர் அறைக்குரிய இடம் என்பதால், படியை நடமாட மட்டும் வைக்காமல் அலமாரியாகவும் இருக்கையாகவும் மாற்ற வேண்டும். மற்றொரு ஜப்பானியக் கட்டடக் கலைஞரான தாகமிட்சு அசுமா 1966-இல் தோக்கியோவில், ஏறத்தாழ 20 சதுர மீட்டர் மனையில் தமக்கென எழுப்பிய வீட்டில், அறைகளுக்கிடையே கதவே வைக்காமல் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படியால் இணைத்தார்.

இனி அறைகள். மிக நீளமான நேர்ப்பக்கத்தைத் தேர்ந்து, கட்டிலும் சமையல் மேடையும் வரும் அறைகளை அதற்குச் செங்கோணமாக வரையுங்கள். எஞ்சும் கோணல் முழுவதையும் எதிர்ப்பக்கம் தள்ளி, கூர்முனைகளைக் குழாய்கள் செல்லும் இடுக்குக்கும், புத்தக அடுக்குக்கும், செடிகளுக்கும் கொடுத்துவிடலாம். கோணலை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பங்கிடுவது நியாயமாகத் தோன்றினாலும், எந்த அறையிலும் அலமாரி சுவரோடு ஒட்டி நிற்காது.

இறுதியாக அட்டையில் ஒரு மாதிரி செய்து, கைவிளக்கைச் சூரியன் வரும் திசைகளில் பிடித்துப் பாருங்கள். கட்டிலும் பீரோவும் படித்திருப்பத்தில் திரும்புமா என்பதையும் அதிலேயே சோதித்துவிட்டு, அண்டைச் சுவரை ஒட்டி அஸ்திவாரம் தோண்டும் முறையைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்ட பின்னரே இறுதி வரைபடத்துக்குச் செல்லுங்கள்.